விருந்தாளியாகப் போனேன், கடனாளியாகத் திரும்பினேன்

(பட்டிமன்றத் தலைப்பு: "பனிக்கண்டத்துக்குச் சுற்றுலா: போகலாமா? கூடாதா?" ‘போகலாம்’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! இவ்வளவு நேரம் பேசி இந்த அரங்கத்தையே உறைய வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தம்பி அவர்களே! வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

எதிரணித் தம்பி மூணு குண்டு போட்டுட்டுப் போயிருக்கார். ஒண்ணு, "காசைக் கரைச்சு ஐஸ் பார்க்கணுமா? ஃப்ரிட்ஜைத் திறந்தா தெரியப் போகுது." ரெண்டு, "நீங்க போற கப்பல் புகையில பனி உருகுது." மூணு, "பென்குயின் பாட்டுக்கு நிம்மதியா இருக்கு, அதைப் போய் ஏன் தொந்தரவு பண்றீங்க?"

முதல் குண்டுக்கு உடனே பதில் சொல்லிடறேன். தம்பி, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் பார்க்க முடியாது. முந்தாநாள் சாம்பாரும் அதுக்கு முந்தின நாள் ரசமும்தான் பார்க்க முடியும். (சிரிப்பு)

மற்ற ரெண்டு குண்டும் நிஜக் குண்டு. அதைச் சிரிச்சு மழுப்ப நான் வரலை. ஏன்னா நடுவர் அவர்களே, இந்த மேடையில அங்கே போயிட்டு வந்தவ நான் ஒருத்திதான். பார்த்தவளுக்குத்தான் பதில் சொல்ற கடமையும் உண்டு.

நான் பூகோள டீச்சர். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில பாடம் நடத்தினேன். கரும்பலகையில அண்டார்டிகாவை எத்தனையோ தடவை வரைஞ்சிருக்கேன். "உலகத்து நன்னீரில் பெரும்பகுதி இங்கேதான் உறைஞ்சு கிடக்கு. பனியின் சராசரிக் கனமே சுமார் 2 கிலோமீட்டர். 1983 ஜூலையில வோஸ்டாக் என்ற இடத்துல மைனஸ் 89.2 டிகிரி பதிவாச்சு." எல்லாம் மனப்பாடம். ஒரு நாள் எட்டாம் வகுப்புல, கடைசி பெஞ்சு பொண்ணு ஒருத்தி எழுந்தா. "டீச்சர், நீங்க பார்த்திருக்கீங்களா?" அவ்வளவுதான் கேட்டா. நான் சாக்பீஸ் பொடியைத் துடைச்சிக்கிட்டே, "உட்காரு, உட்காரு"ன்னுட்டேன். அவ உட்கார்ந்துட்டா. கேள்வி உட்காரலை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

ஓய்வு பெற்ற பணம் வந்தது. எங்க வீட்டுக்காரர்கிட்டே மெதுவா ஆரம்பிச்சேன். "என்னங்க, அண்டார்டிகா போலாமா?" அவர் பேப்பரை இறக்காமலே, "மார்கழி மாசக் கோலத்துக்கு வெளியே வந்து நிக்கறதுக்கே எனக்கு ரெண்டு மப்ளர் வேணும். என்னை அங்கே கொண்டுபோய் விட்டுட்டு வர்றதா உத்தேசமா?"ன்னார். (சிரிப்பு)

நடுவர்: அம்மா, அப்படி ஒரு உத்தேசம் இருந்திருந்தா இப்போ சொல்லிடுங்க. நேரலை இல்லை, வெட்டிடலாம்.

இல்லை ஐயா, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். முதல் வரிசையில உட்கார்ந்திருக்கார். அந்த மப்ளர்தான் அடையாளம்! (பலத்த சிரிப்பு)

சென்னையிலிருந்து விமானம் மாறி விமானம் ஏறி அர்ஜென்டினா. அங்கிருந்து அந்த நாட்டின் தென்கோடியில இருக்கிற உஷுவாயா துறைமுகம். அங்கே நின்னுக்கிட்டிருந்தது எங்க கப்பல். கப்பல்னா நீச்சல் குளமும் நடன மேடையும் இருக்கிற மிதக்கிற மாளிகைன்னு நினைச்சுடாதீங்க. சின்னக் கப்பல். பயணிகள் 100 பேர்கூட இல்லை. எங்க வீட்டுக்காரர் பார்த்தார். "ஏம்மா, கொடுத்த காசுக்கு இன்னும் கொஞ்சம் பெரிசா கிடைக்கலையா?"ன்னார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. அண்டார்டிக் சுற்றுலா நடத்துறவங்க 1991-ல் 7 நிறுவனங்களா சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க வெச்சிருக்கிற விதி என்ன தெரியுமா? 500 பேருக்கு மேல ஏத்திட்டு வர்ற கப்பல், ஒருத்தரைக்கூடக் கரையில இறக்கக் கூடாது. தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போக வேண்டியதுதான். சின்னக் கப்பல்லயும் ஒரு நேரத்துல ஒரு இடத்துல 100 பேருக்கு மேல கரையில இருக்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டி கண்டிப்பா இருக்கணும். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில இந்த ஒழுங்கு உண்டா? சாப்பிடறவர் பின்னால நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவங்க நாம! (சிரிப்பு, கைதட்டல்)

கரையை விட்டா டிரேக் நீரிணை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல சுமார் 800 கிலோமீட்டர் அகலம். தடுக்கறதுக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது. காற்று உலகத்தைச் சுத்தி வந்து அங்கேதான் கபடி ஆடுது. ரெண்டு நாள். கட்டில்லேருந்து நான் உருண்டா அவர் மேல, அவர் உருண்டா என் மேல. முப்பத்தஞ்சு வருஷத்துல நாங்க இவ்வளவு நெருக்கமா இருந்தது அந்த ரெண்டு நாள்தான். (பலத்த சிரிப்பு)

அந்தத் தலைசுத்தல்லயும் கப்பல்ல வகுப்பு நடக்குது. சின்னக் கப்பல்ல பொழுதுபோக்குன்னா அதுதான். பறவை விஞ்ஞானி ஒருத்தர், பனிப்பாறை பத்திச் சொல்ல ஒருத்தர், சரித்திரம் சொல்ல ஒருத்தர். பேரரசப் பென்குயின் பத்தி ஒரு நாள் பாடம். நாங்க போன பக்கத்துல அது இருக்காது, இருந்தாலும் பாடம் உண்டு. அம்மா ஒரே ஒரு முட்டை இடுமாம். அதை அப்பா கால் மேல உருட்டி விட்டுட்டுக் கடலுக்குப் போயிடுமாம். கடுங்குளிர் காலத்துல, சூரியனே எட்டிப் பார்க்காத இருட்டுல, ரெண்டு மாசத்துக்கு மேல அப்பா அந்த முட்டையைக் கால் மேல வெச்சு, வயித்துத் தோலால போர்த்திக்கிட்டு நிக்கும். சாப்பாடு கிடையாது. வகுப்புல இருந்த பெண்கள் எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாங்க. மொழி வேற, நாடு வேற, பார்வை ஒண்ணுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு பென்குயின் அடேலி. 1840-ல் அந்தப் பக்கம் போன துமோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர், கண்டுபிடிச்ச நிலத்துக்குத் தன் மனைவி அடேலின் பேரை வெச்சார். அந்த நிலத்தோட பேர்தான் பென்குயினுக்கும் வந்தது. கண்டத்துல பாதியை எழுதி வெச்ச மாதிரி! எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர்லகூட என் பேரை எழுதலை. (சிரிப்பு)

இப்போ தம்பியோட மூணாவது குண்டுக்கு வர்றேன். தொந்தரவு.

கரையில இறங்கறதுக்கு முந்தின நாள் எல்லாரும் துணிமணியைக் கொண்டாங்கன்னு கூப்பிட்டாங்க. தூசி உறிஞ்சற மெஷினை வெச்சுக்கிட்டு ஒரு வழிகாட்டிப் பெண் உட்கார்ந்திருக்கா. சட்டைப் பை, பை மடிப்பு, ஒட்டுப் பட்டி, காலணி இடுக்கு ஒண்ணு விடாம சோதனை. என் கைப்பையைக் கவிழ்த்தா. அடியிலேருந்து என்ன விழுந்தது தெரியுமா? நாலு கடுகு, ஒரு காய்ஞ்ச கறிவேப்பிலை, எங்க ஊர்ப் பெருமாள் கோவில் துளசி. (சிரிப்பு) அவ கடுகை ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தா. "அம்மா, இது முளைக்குமா?"ன்னு கேட்டா. நான் பெருமையா, "நல்லா முளைக்கும், நாட்டுக் கடுகு!"ன்னேன். "அதனாலதான் இது வரக் கூடாது"ன்னா. துளசியைக் கையில வெச்சுக்கிட்டு, "இது உங்க சாமியோடதா? அறையிலேயே பத்திரமா வெச்சிருங்க, வந்து எடுத்துக்கலாம்"ன்னா. பெருமாள் கப்பல்லயே இருந்துட்டார். நாங்க மட்டும் இறங்கினோம்.

இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை, மருந்துத் தண்ணியில பூட்ஸைக் கழுவணும். கரையில உட்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் 2024 பிப்ரவரியில அண்டார்டிகா தீபகற்பத்துக்கே வந்துட்டது உறுதியாச்சு. அதனால நம்ம உடம்புல பூட்ஸ் ரெண்டையும் தவிர வேற எதுவும் மண்ணுல படக் கூடாதுன்னு கண்டிப்பு. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி. உட்கார இடமில்லை. "ஏம்மா, திருப்பதி க்யூவுலயாவது அறையில உட்கார வைப்பான்"னார். (சிரிப்பு)

ரப்பர் படகுல போய் இறங்கினோம். முதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சது பனி இல்லை. மூக்குக்குத் தெரிஞ்சது வாடை! கருவாட்டுச் சந்தையும் கோழிப்பண்ணையும் சேர்ந்த மாதிரி. அப்புறம்தான் பார்த்தேன். ஆயிரக்கணக்கில ஜென்டூ பென்குயின். ரெண்டரை அடி உயரம், ஆரஞ்சு அலகு, கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை. மலைச்சரிவுல நடந்து நடந்து பனியில பள்ளமா ஒரு பாதை போட்டு வெச்சிருக்கு. அதுக்குப் பேரே பென்குயின் நெடுஞ்சாலை. அதுல மனுஷன் கால் வைக்கக் கூடாது. குறுக்கே போகணும்னா நின்னு, அதுங்க போன பிறகுதான் போகணும். சைக்கிள்காரனுக்கு வழி விடாத எங்க வீட்டுக்காரர், பென்குயினுக்கு வழி விட்டுக் கைகட்டி நின்னதை இந்தக் கண்ணால பார்த்தேன்! (பலத்த கைதட்டல்)

நாம 5 மீட்டர் தள்ளி நிக்கணும். அதுவா கிட்ட வந்தா அசையாம நிக்கணும். ஒண்ணு வந்தது. என் பூட்ஸைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. "இவ்வளவுதானா?"ன்னு போயிடுச்சு. (சிரிப்பு)

இப்போ ஒரு குத்தத்தை ஒப்புக்கணும். நான் செஞ்ச குத்தம்.

ஜென்டூவுக்குக் கூடுன்னா கூழாங்கல் குவியல். பனி உருகித் தண்ணி ஓடினா முட்டை நனையாம இருக்கக் கல்லை அடுக்கி மேடாக்கும். சுள்ளி கிடையாது, புல் கிடையாது. கல்தான் சொத்து. ஆண் பென்குயின் நல்ல கல்லாப் பார்த்துத் தூக்கிட்டு வந்து பெண் பென்குயின் முன்னால வைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் அசந்த நேரம் அவன் கல்லைத் திருடிட்டும் வரும். திருடின கல்லை வெச்சுட்டு அது நிமிர்ந்து பார்க்கற கம்பீரம் இருக்கே, தீபாவளிக்குக் கடன் வாங்கிப் பட்டுப்புடவை எடுத்துட்டு வந்த மாதிரி! (சிரிப்பு)

நான் கரையோரம் நின்னேன். காலடியில ஒரு கல். கறுப்பு, வழவழப்பு, நடுவுல ஒரு வெள்ளை வரி. விபூதி பூசின மாதிரி. முப்பது வருஷம் பாடம் நடத்தினவளுக்கு ஒரு ஆசை. இதைக் கொண்டுபோய் அந்தப் பள்ளிக்கூடத்துல வெச்சா எப்படி இருக்கும்! குனிஞ்சேன். எடுத்தேன். பையில போட்டேன்.

அந்த வழிகாட்டிப் பெண் வந்தா. என் பேத்தி வயசு. கோபப்படலை. எனக்கு மட்டும் கேட்கற மாதிரி, "அம்மா, அது அவங்க வீட்டுக் கல்"ன்னா.

நடுவர் அவர்களே, பிள்ளைங்க பென்சில் பெட்டியில அடுத்தவன் ரப்பர் இருந்தா, காதைத் திருகிக் கேட்டவ நான். எனக்கு வயசு அறுபது. அந்தக் குளிர்ல எனக்கு வேர்த்துது. கல்லை எடுத்து எங்கே இருந்ததோ அங்கேயே வெச்சேன். கொஞ்ச நேரத்துல ஒரு பென்குயின் வந்தது. நாலு கல்லை அலகால தட்டிப் பார்த்தது. என் கல்லை எடுத்துட்டுப் போச்சு. (கைதட்டல்)

நாலு கடுகு, ஒரு கல். இதுதான் அந்தப் பயணத்துல நான் படிச்ச பாடப்புத்தகம். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே வெச்சார். வீட்டுக்காரன் எப்படி நடந்துக்கணும்னு நமக்குத் தெரியும். விருந்தாளி எப்படி நடந்துக்கணும்? எதையும் கொண்டு வராதே, எதையும் எடுத்துட்டுப் போகாதே, வழி விடு, நேரமானா கிளம்பு. இதை எனக்குப் பனிக்கண்டம் சொல்லிக் கொடுத்தது.

"சரி அம்மா, யாருமே போகாம இருந்தா இன்னும் நல்லாத்தானே இருக்கும்?" எதிரணியோட மையக் கேள்வி இதுதான். வாங்க, யாரும் வேடிக்கை பார்க்கப் போகாத காலத்துல என்ன நடந்ததுன்னு பார்ப்போம்.

டிசெப்ஷன் தீவுன்னு ஒரு இடம். ஒரு எரிமலையோட வாய். அதுல கடல் புகுந்து குளம் மாதிரி நிக்குது. கப்பல் ஒரு குறுகலான வாசல் வழியா உள்ளே போகுது. உள்ளே கறுப்பு மணல் கரை. கரையில துருப்பிடிச்ச பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள், கொதிகலன்கள். 1912 முதல் 1931 வரைக்கும் அங்கே ஓடினது திமிங்கிலத்தைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிற ஆலை. விளக்குக்கும் சோப்புக்கும் வெண்ணெய்க்குப் பதிலா ரொட்டியில தடவவும் அந்த எண்ணெய் போச்சு. இருபதாம் நூற்றாண்டுல பூமியின் தெற்குப் பாதியில மட்டும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் சுமார் 20 லட்சம்!

20 லட்சம். அப்போ அங்கே சுற்றுலாப் பயணின்னு போனவன் ரொம்ப அபூர்வம். போனவன் எல்லாம் ஈட்டியோட போனவன். வாங்கினவன் எல்லாம் எண்ணெயை மட்டும் பார்த்தவன். தம்பி, பனிக்கண்டத்துல நடந்த பெரிய கொலையெல்லாம் வேடிக்கை பார்க்கப் போனவன் செஞ்சதில்லை. சாட்சி இல்லாத இடத்துல நடந்தது! (பலத்த கைதட்டல்)

நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னேன். காத்து அடிக்கும்போது அந்தத் தகரம் முனகுது. யாரும் பேசலை. எங்க வீட்டுக்காரர்கூட ஜோக் அடிக்கலை.

மறுநாள் ஒரு விரிகுடாவுல ரப்பர் படகுல இருக்கோம். படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். சுத்திலும் பனித்துண்டு மிதக்குது. உள்ளே அடைபட்ட பழங்காலத்துக் காத்து, பனி உருக உருகப் படபடன்னு வெடிக்குது. தாளிக்கிற கரண்டியில கடுகு பொரியற சத்தம். கப்பல்ல விட்டுட்டு வந்த கடுகு இங்கேயும் வந்துடுச்சோன்னு நினைச்சேன்! (சிரிப்பு) அப்போ பின்னால "புஸ்"னு ஒரு மூச்சு. திரும்பினேன். கூனல்முதுகுத் திமிங்கிலம். அம்மாவும் குட்டியும். எங்க படகைவிட ரெண்டு மூணு பங்கு நீளம் அந்தத் தாய். நினைச்சா ஒரு வால் வீச்சுல எங்களைக் கவிழ்த்திருக்கலாம். அதோட பாட்டியைக் கொன்னவன் வம்சம் நாம. அது எங்களை ஒண்ணும் பண்ணலை. வாலைத் தூக்கிக் காட்டிட்டு முங்கிடுச்சு.

அந்த வாலுக்கு அடியில இருக்கிற கறுப்பு வெள்ளைக் கோலம், நம்ம கைரேகை மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. பயணிகள் எடுக்கிற வால் படத்தை வாங்கி, எந்தத் திமிங்கிலம் எங்கே போய் எங்கே வருதுன்னு விஞ்ஞானிகள் கணக்கு வெச்சுக்கறாங்க. இங்கே மேய்ஞ்சது, குட்டி போடக் கொலம்பியா, பனாமா வரைக்கும் போகுது. எங்க வீட்டுக்காரர் எடுத்த படத்தையும் கொடுத்திருக்கோம். கல்யாண ஆல்பத்துல எல்லாத் தலையையும் வெட்டி எடுக்கிறவர், திமிங்கிலத்துக்கு வாலை முழுசா எடுத்திருக்கார்! (சிரிப்பு)

இது எப்படித் திரும்பி வந்தது? 1982-ல் வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்தச் சர்வதேச ஆணையம் முடிவெடுத்தது. அதுக்குப் பின்னால உலகம் முழுக்க மக்கள் போட்ட சத்தம் இருந்தது. இன்னொரு கதையும் கேளுங்க. 1988-ல் அண்டார்டிகாவுல சுரங்கம் தோண்ட வழிசெய்யற ஒப்பந்தம் ஒண்ணு தயாராயிடுச்சு. மறுவருஷம் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் கையெழுத்துப் போட மாட்டோம்னாங்க. கடலாராய்ச்சியாளர் கூஸ்தோ ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். ஒப்பந்தம் செத்துது. 1991-ல் மாட்ரிட் நகரத்துல புது உடன்பாடு. அறிவியல் ஆராய்ச்சியைத் தவிர வேற எதுக்காகவும் கனிமத்தைத் தொடக் கூடாது. 1998 முதல் அமல்ல இருக்கு.

பார்த்தவன் சொன்னான். கேட்டவன் கையெழுத்துப் போட்டான். கண்டம் பிழைச்சுது. 1966-ல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப் போன லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட், போய்ப் பார்த்தவன் காவல்காரனா மாறுவான்னுதான் நம்பினார்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

இதோ முடிச்சிடறேன் ஐயா. ரெண்டாவது குண்டு மிச்சம் இருக்கு. புகை.

தம்பி சொன்னது பொய்யில்லை. கப்பல், விமானம், ஆராய்ச்சி நிலையங்கள் விடற கரிப்புகை பனி மேல படிஞ்சு சீக்கிரம் உருக வைக்குதுன்னு 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு பயணிக்குச் சுமார் 80 டன் பனின்னு கணக்கு. அடர் எண்ணெயை 2011-லேயே அந்தக் கடல்ல தடை பண்ணிட்டாங்க. 2017 முதல் துருவக் கடலுக்குன்னு தனிக் கப்பல் விதிகள் வந்தாச்சு. இதெல்லாம் என் அணி சொல்லலாம். ஆனா அந்த 80 டன் என் பேர்ல இருக்கு. ஊருக்கு வந்த பிறகு பல ராத்திரி அந்தக் கணக்கு என்னைத் தூங்க விடலை.

ஆபத்தும் இல்லாம இல்லை. 2007 நவம்பர்ல ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற சின்னக் கப்பல் பனியில மோதி முழுகிப்போச்சு. 154 பேரும் உயிர் பிழைச்சாங்க. கப்பல் இன்னும் கடலுக்கடியில கிடக்கு. கூட்டமும் ரொம்பக் கூடிப்போச்சு. 2023-24 பருவத்துல மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல. ஆகவே, போகலாம்னு பேசற நான் ஒண்ணைச் சேர்த்துச் சொல்றேன். போகலாம்னா எல்லாரும் முண்டியடிச்சுப் போகலாம்னு அர்த்தமில்லை. கூட்டத்துக்கு வரம்பு வேணும். பெரிய கப்பல் வேண்டாம். வாழ்நாள்ல ஒரு தடவை போதும். விருந்தும் மருந்தும் மூணு நாள்தான். நான் மறுபடி போக மாட்டேன்.

"போயிட்டு வந்தவங்க என்ன கிழிச்சீங்க?"ன்னு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. போயிட்டு வந்து படத்தைச் சொந்தக்காரங்களுக்குக் காட்டி, "நான் பார்த்தாச்சு, நீ பார்த்தியா?"ன்னு பெருமை அடிச்சா, அது 80 டன் பனியைத் திருடின மாதிரிதான். என் கல்லை நான் பையிலேயே வெச்சுக்கிட்ட மாதிரிதான்.

அதனால நான் படிச்ச பாடத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். 2025-ல் என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போ மாசத்துக்கு ரெண்டு பள்ளிக்கூடம். கல் இல்லை, கதை மட்டும். முதல் நாளே ஒரு எட்டாம் வகுப்புப் பொண்ணு கேட்டா: "டீச்சர், எங்களால எல்லாம் அவ்வளவு காசு கொடுத்துப் போக முடியாது. அப்புறம் எதுக்கு எங்ககிட்டே சொல்றீங்க?"

இந்தத் தடவை "உட்காரு"ன்னு சொல்லலை. பக்கத்துல கூப்பிட்டுச் சொன்னேன். "கண்ணு, அண்டார்டிகாவைப் பத்தி முடிவெடுக்கிற நாடுகள்ல 1983-லேருந்து நம்ம நாடும் ஒண்ணு. நம்ம நாட்டுக்கு அங்கே மைத்ரி, பாரதின்னு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கு. 2024 மே மாசம் அந்த நாடுகளோட கூட்டம் கொச்சியில நடந்தது. சுற்றுலாவுக்கு எப்படிக் கட்டுப்பாடு போடறதுன்னு அங்கே பேசினாங்க. 2048-க்கு அப்புறம் சுரங்கத் தடையை மறு ஆய்வு பண்ணணும்னு முடிவெடுக்கிற நாடுகள்ல எது வேணும்னாலும் கேட்க வழி இருக்கு. அப்போ எனக்கு வயசு எண்பத்து மூணு. இருப்பேனோ இல்லையோ. உனக்கு முப்பத்தாறு. ஓட்டுப் போடற வயசு, பேசற வயசு, ஏன் அந்தக் கூட்டத்துல அதிகாரியா உட்கார்ற வயசு. உன் நாடு என்ன சொல்லணும்னு நீ சொல்லணுமா இல்லையா? பார்க்காதவ எப்படிச் சொல்லுவே? அதுக்குத்தான் நான் பார்த்துட்டு வந்தேன். என் கண்ணால நீ பாரு." (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் அங்கே விருந்தாளியாகப் போனேன், கடனாளியாகத் திரும்பினேன். கடன் வாங்குவது தப்பில்லை. அடைக்காமல் இருப்பதுதான் தப்பு. போய்ப் பார்த்து, வாய் மூடி இருப்பவர்கள் போக வேண்டாம். போய்ப் பார்த்து, ஊர் ஊராகச் சொல்லி அந்தக் கடனை அடைக்கிறவர்கள் போகலாம். சின்னக் கப்பலில் போகலாம். கல்லைத் தொடாமல் போகலாம்.

அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு பென்குயின் வீட்டுக்கு அடியில், ஏதோ ஒரு முட்டையை ஈரம் படாமல் காத்துக்கொண்டு இருக்கிறது. அது என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இல்லை என்பதுதான் என் வாழ்நாளில் நான் சேர்த்த பெரிய சொத்து.

ஆகவே, பனிக்கண்டத்துக்குப் போகலாம், விருந்தாளியாகப் போகலாம் என்று தீர்ப்பு வழங்க வேண்டுமாய் நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, மப்ளரோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு நன்றி கூறி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)